வாதுமைத் தோட்டத்தின் மரம் எது?



உன்னதப்பாட்டு 6ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் ஒருவர் தோட்டத்தைப் பார்வையிடப் போகிறார். பள்ளத்தாக்கின் விளைச்சலைக் காணவும், திராட்சை துளிர்த்ததா, மாதுளை பூத்ததா என்று அறியவும் அவர் போகிறார். அந்த இடத்தை நம் தமிழ் வேதாகமம் வாதுமைத் தோட்டம் என்று அழைக்கிறது. அந்தச் சொல்லை வாசிக்கும் நமக்கு எந்த மரம் நினைவுக்கு வருகிறது? அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பழைய வீடுகளின் வாசலில் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் மரம். அகன்ற இலைகள் உதிருமுன் செந்நிறமாகும் மரம். சிறுவர்கள் காயைக் கல்லில் தட்டிப் பருப்பெடுத்துத் தின்னும் மரம். அதைத்தான் நாம் வாதுமை என்றும் பாதாம் மரம் என்றும் சொல்லி வளர்ந்தோம்.

ஆனால் எபிரெய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'எகோஸ்'. வேதாகமம் முழுவதிலும் இந்த ஒரே ஓர் இடத்தில்தான் அச்சொல் வருகிறது. அதன் பொருள் அக்ரூட். கடைகளில் நாம் வால்நட் என்று கேட்டு வாங்கும் கொட்டை. எரேமியா 1ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி கண்ட கிளையும், எண்ணாகமம் 17ஆம் அதிகாரத்தில் பூத்துக் காய்த்த ஆரோனின் கோலும் வேறு மரம். அதற்கு எபிரெயத்தில் 'ஷாகேத்' என்று பெயர். அதுவே கடைகளில் விற்கும் உண்மையான பாதாம். நம் வாசலில் நிற்பதோ இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது மரம். நீர்மருதின் இனத்தைச் சேர்ந்த நாட்டு வாதுமை. ஆக, மூன்று மரங்கள். தமிழில் மூன்றுக்கும் ஒரே பெயர்.

வேதத்தை ஆய்ந்து வாசிக்கும் வாலிபர்கள் இந்த இடத்துக்கு வரும்போது, நம் வேதாகமம் இங்கே பிழைபட்டதா என்று கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, சொல்லின் வரலாற்றையும் மரத்தின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம்.

சொல் வந்த வழி

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எஞ்சிய பகுதியை ஷூல்ட்சே நிறைவுசெய்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த பப்ரிசியுஸ், சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து புதிய மொழிபெயர்ப்பு ஒன்றை உருவாக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரி அச்சகத்தில் வெளிவந்தது. அந்த அடித்தளத்தின்மேல் பலர் கட்டினார்கள். இன்று நம் கைகளில் இருக்கும் பழைய திருப்புதலுக்கு, ஹென்றி பவர் முன்னின்று திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே மூலம்.

வேப்பேரி எங்கே இருக்கிறது? நம்மில் பலர் நாள்தோறும் பயணிக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குக் கோடியை ஒட்டி இருக்கிறது. நாம் வாசிக்கும் வேதத்தின் தமிழ், பெரும்பகுதி, அந்தச் சாலையோரத்தில் செதுக்கப்பட்டது.

அங்கே ஊழியம் செய்தவர்களுள் ஒருவரை இந்த இடத்தில் சிறப்பாக நினைக்க வேண்டும். 1749இல் ஸ்திராஸ்பூர்க்கில் பிறந்து, 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு வேப்பேரியில் பணியாற்றி 1836இல் மறைந்த ராட்லர் ஐயர் அவர். பிரசங்க பீடத்தில் நின்ற அதே மனிதர், வயல்வரப்புகளிலும் காடுகளிலும் நடந்து செடிகளைச் சேகரித்தார். உலர்த்திப் பெயர் எழுதிப் பாதுகாத்தார். ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கு அனுப்பினார். செந்நிறச் சாயப்பொடி தரும் ஒரு மரத்துக்கு அக்கால அறிஞர்கள் அவருடைய பெயரையே இட்டார்கள். முதிர்ந்த வயதில் அவர் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அது முழுமையாக அச்சேறியதைக் காண அவர் இருக்கவில்லை. மரத்தையும் சொல்லையும் ஒருங்கே நேசித்த போதகர் ஒருவர் நம் நகரில் வாழ்ந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இப்படிப்பட்டவர்கள் உழைத்த மொழியில், தமிழ் மண்ணில் வளராத ஒரு மரத்துக்கு என்ன பெயர் இடுவது? அக்ரூட் என்னும் சொல் வடக்கிலிருந்து வணிகரோடு வந்தது. வாதுமை என்னும் சொல்லும் தமிழில் முளைத்ததன்று. வடமொழி வாதாமத்துக்கும் பாரசீகப் பாதாமுக்கும் உறவான சொல் அது. எனினும் அது மக்கள் நாவில் பழகிய சொல். ஓட்டுக்குள் உண்ணத்தக்க பருப்பை வைத்திருக்கும் கனியைக் குறித்த சொல். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் மரத்தின் பெயரைச் சொல்லாமல், கொட்டைகளின் தோட்டம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்போ தன் வாசகன் காணக்கூடிய ஒரு மரத்தைக் காட்டியது. தாவரவியலின் அளவுகோலில் அது துல்லியமன்று. ஆனால் வசனத்தின் பொருளை அது கெடுக்கவில்லை. வசந்தம் வந்ததா என்று அறிய ஒருவர் தோட்டத்துக்குப் போகிறார் என்பதே அங்கே சொல்லப்படுவது. அந்தச் செய்தி குறைவின்றி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பரிசுத்த பூமியில் அக்ரூட்

இனி மூலத்தின் மரத்துக்குப் போவோம். அக்ரூட் குளிரை விரும்பும் மரம். பாரசீகப் பகுதியிலிருந்து அது மேற்கே பரவியது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ், கலிலேயாவில் படைத்தலைவராக இருந்தவர். யூதருக்கும் ரோமருக்கும் நடந்த போரைப் பற்றிய தம் நூலின் மூன்றாம் புத்தகத்தில் கெனேசரேத்துச் சமவெளியை வியந்து எழுதுகிறார். குளிர்ந்த காற்றை நாடும் அக்ரூட்டும், வெப்பத்தில் செழிக்கும் பேரீச்சையும், மிதமான காற்றைக் கேட்கும் அத்தியும் ஒலிவமும் அங்கே ஒருங்கே வளர்ந்தன என்பது அவர் தரும் செய்தி. கெனேசரேத்து எது என்று நமக்குத் தெரியும். நம் ஆண்டவர் கரையிறங்கியபோது ஜனங்கள் பிணியாளிகளைப் படுக்கைகளோடு சுமந்துவந்த நாடு அது (மாற்கு 6:53-56). அந்தச் சந்தைவெளிகளுக்கு அருகே அக்ரூட் மரங்கள் நின்றிருந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

எருசலேமிலும் இதன் சுவடு உண்டு. நகரின் கிழக்கே ஓடும் கீதரோன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியை அரபு மொழியில் 'வாதி அல்-ஜோஸ்' என்று இன்றும் அழைக்கிறார்கள். அக்ரூட் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். கைதுசெய்யப்பட்ட இரவில் இயேசு தம் சீஷரோடு கடந்து சென்றது அதே கெதரோன் ஆற்றைத்தான் (யோவான் 18:1). அப்பாலிருந்த தோட்டத்தில் பிதாவின் சித்தத்துக்கு அவர் தம்மை ஒப்புக்கொடுத்தார். உன்னதப்பாட்டின் தோட்டம் இதுதான் என்று அடித்துச் சொல்ல நமக்கு ஆதாரமில்லை; சொல்லவும் வேண்டாம். பள்ளத்தாக்கின் தோட்டத்துக்குப் போகும் ஒருவரைக் குறித்து வாசிக்கும் விசுவாசிக்கு அந்த இரவும் நினைவுக்கு வருமானால், அந்த நினைவு நல்லதே.

முன்னோர் கண்ட பொருள்

உன்னதப்பாட்டின் இந்த ஒரு வசனத்தை யூத ரபிமார் நெடுங்காலம் தியானித்தார்கள். அந்நூலுக்கு அவர்கள் எழுதிவைத்த விரிவுரையில், இஸ்ரவேலை அக்ரூட்டுக்கு ஒப்பிடும் விளக்கங்கள் பல உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நடுகையைப் பற்றியது. மற்ற மரங்களை நடும்போது வேரை மூடினால் செழிக்கும். அக்ரூட்டின் வேரை மூடினால் செழிக்காது என்கிறார் ரபி லேவி. பாவத்தை மறைக்கிறவன் வாழ்வடைவதில்லை, அறிக்கையிட்டு விட்டுவிடுகிறவனே இரக்கம் பெறுவான் என்னும் நீதிமொழிகள் 28:13ஐ அவர் இதனோடு சேர்த்துப் பார்க்கிறார். மரம் வளர்ப்போருக்கு இதில் ஓர் உண்மை புலப்படும். எந்தக் கன்றானாலும், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியை ஆழப் புதைத்தால் அங்கே ஈரம் தங்கி அழுகல் பிடிக்கும். வெளியே இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்கும். ஒரு கோடையிலோ ஒரு காற்றிலோதான் உண்மை தெரியவரும். குடும்பங்களிலும் சபைகளிலும் மூடிவைக்கப்பட்ட பாவங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. நற்பெயருக்காக நாம் மண் போட்டு மூடியது, நற்பெயரையே கடைசியில் அழிக்கிறது.

இரண்டாவது, கொட்டைக் குவியலைப் பற்றியது. அக்ரூட் குவியலிலிருந்து ஒன்றை உருவினால் எல்லாம் உருண்டோடும். ஒருவனுக்கு வரும் அடி எல்லாரையும் அசைக்கும் என்பது அவர்கள் கண்ட பொருள். ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதியதற்கு (1 கொரிந்தியர் 12:26) இதைவிட எளிய உவமை கிடைப்பது அரிது.

தல்மூதில் இன்னொரு விளக்கம் உண்டு. அக்ரூட் சேற்றிலும் அசுத்தத்திலும் விழுந்தாலும் உள்ளிருக்கும் பருப்பு கெடுவதில்லை. அதுபோல, வழிதவறிய கல்விமானையும் இகழலாகாது என்பது அதன் கருத்து. கழுவினால் போதும், எறிந்துவிட வேண்டியதில்லை. இது நம்மை நேராகக் கேட்கும் கேள்வி. குடியில் விழுந்தவர், கடனில் விழுந்து பெயர் கெட்டவர், திருமணம் முறிந்ததனால் ஆராதனைக்கு வரக் கூசுகிறவர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஓட்டில் ஒட்டிய சேற்றைப் பார்த்து, உள்ளே தேவன் வைத்த சாயலை நாம் மறந்துவிடுகிறோமா?

கிறிஸ்தவத் திருச்சபையும் இந்தக் கொட்டையைத் தியானித்தது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன், எண்ணாகமத்தைப் பற்றிய பிரசங்கத்தில் ஆரோனின் கோலில் காய்த்த கொட்டையை எடுத்துக்கொண்டு, அதன் கசப்பான மேல்தோல், காக்கும் ஓடு, ஊட்டும் பருப்பு என்னும் மூன்றையும் வேதத்தின் மூன்று பொருள்களாகக் கண்டார். எழுத்தின் பொருள் முதலில் கசக்கும். ஒழுக்கத்தின் பொருள் ஓடுபோல் நம்மைக் காக்கும். உள்ளே மறைந்திருக்கும் கிறிஸ்துவின் இரகசியம் ஆத்துமாவைப் போஷிக்கும். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் புனித விக்டர் மடத்தில் வாழ்ந்த ஆதாம் என்னும் ஞானப்பாடலாசிரியர், அதே கொட்டையில் கிறிஸ்துவையே கண்டு பாடினார். கொட்டையின் புறத்திலே அவர் ஏற்ற மாம்சமும் பட்ட பாடும், உள்ளே தேவத்துவத்தின் இனிமை.

அக்ரூட்டின் பச்சைத் தோலை உரித்தவர்களுக்கு இந்தத் தியானம் எளிதில் விளங்கும். அது கசக்கும், துவர்க்கும், விரல்களில் படிந்த பழுப்புக் கறை பல நாட்கள் போகாது. கசப்பைத் தொடாமல் பருப்பைப் பெற வழியில்லை. சிலுவையைத் தவிர்த்துவிட்டு உயிர்த்தெழுதலை மட்டும் கேட்கும் உபதேசங்கள் மலிந்த நாட்களில், இது நாம் மனதில் வைக்க வேண்டிய பாடம்.

காத்திருக்கும் நடுகை

நம் தேசத்தில் அக்ரூட் வேரூன்றிய இடம் காஷ்மீரம். இந்தியாவின் அக்ரூட் விளைச்சலில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஸ்ரீநகரின் மரச்சிற்பிகள் செதுக்கும் பெட்டிகளும் மேசைகளும் அம்மரத்தாலானவை. விதையிலிருந்து வளரும் அக்ரூட் காய்க்க எட்டு, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஒட்டுக்கன்று அதற்கு முன்பே காய்க்கும். மரம் நிறைபலன் தரும் காலத்தில், நட்டவர் முதுமை அடைந்திருப்பார். ஆனால் மரமோ நூறாண்டு கடந்தும் நிற்கும். ஆகவே அதை நடுகிறவர் பேரப்பிள்ளைகளை மனதில் வைத்தே நடுகிறார். அனுமதியின்றி அம்மரத்தை வெட்டலாகாது என்று 1969ஆம் ஆண்டிலேயே ஜம்மு காஷ்மீரில் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தலைமுறை காத்திருந்து பெற்றதை ஒரு நாளில் இழந்துவிடலாகாது என்னும் ஞானம் அச்சட்டத்தில் இருக்கிறது.

அந்த மரத்தை நம் ஆலய வளாகத்தில் நட்டால் என்ன என்று ஆர்வமுள்ளோர் கேட்கலாம். நட்டால் அது நிலைக்காது. குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிரில் உறங்கினால்தான் அக்ரூட் மொட்டு சரிவர விழிக்கும். அம்பத்தூரின் மார்கழி இரவு நமக்குக் குளிராகத் தோன்றலாம்; ஆனால் இங்கே வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்குவதே மிக அரிது. உறங்காத மரம் கனி கொடுக்காது. ஒவ்வொரு மரத்துக்கும் தேவன் ஒரு மண்ணையும் ஒரு பருவத்தையும் குறித்திருக்கிறார். வேத மரம் என்னும் பெயருக்காக அதை இங்கே கொண்டுவந்து வாடவிடுவது பக்தியாகாது.

அப்படியானால் நாம் எதை நடுவது? இந்தக் கேள்வி நம் புறநகர்களுக்குப் புதிதன்று. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. அழகுக்காகவும் விரைந்த நிழலுக்காகவும் நடப்பட்ட அயல்மரங்கள் அவற்றுள் பல. அடிமரம் வரை சிமென்ட் பூசப்பட்டு, வேர் பரவ இடமின்றி நின்ற மரங்களும் இருந்தன. வேருக்கு இடமில்லாத மரம் வெயிலுக்குத் தாங்கினாலும் காற்றுக்குத் தாங்காது. விதைக்கிறவனின் உவமையில் கற்பாறை நிலத்தில் விழுந்த விதையைப் பற்றி ஆண்டவர் சொன்னதும் வேரைக் குறித்துத்தானே (மத்தேயு 13:20-21).

நம் ஆலய வளாகங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாகனம் நிறுத்த இடம் வேண்டும், மழைநாளில் சேறு ஆகக்கூடாது என்று முழு வளாகத்துக்கும் தளம் போட்டுவிட்டோம். இலை உதிர்கிறது, கூட்ட ஆளில்லை என்று வாதுமை மரங்களை வெட்டிவிட்டோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வேதத்தில் வாதுமை என்று வாசிக்கும்போது, சுட்டிக்காட்ட ஒரு மரம்கூட இல்லாத நிலை வந்துகொண்டிருக்கிறது. பாதாம் அறியாத மண்ணிலும் அக்ரூட் அறியாத மண்ணிலும் அந்த வசனங்களுக்கு நிழல் தந்தது இந்த நாட்டு வாதுமைதான். அதன் கனியிலும் மேலே துவர்ப்பான சதை, நடுவே உடைக்க அரிதான ஓடு, உள்ளே சிறிய இனிய பருப்பு என மூன்றும் உண்டு. ஓரிகனின் பிரசங்கத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்க, ஒரு காயும் ஒரு கல்லும் போதும்.

ஆகையால், இந்த வடகிழக்குப் பருவமழையின் நாட்களில், இடமுள்ள குடும்பங்கள் இந்த மண்ணுக்குரிய ஒரு மரத்தை நடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நாட்டு வாதுமை, வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம், நாவல், ஏரிக்கரைப் பக்கமானால் நீர்மருது என எதுவாகவும் இருக்கலாம். சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் விலக்கி நடுங்கள். குழியை அகலமாக எடுங்கள். கன்றின் கழுத்தைப் புதைக்காதீர்கள். சுற்றிலும் சிமென்ட் பூசாமல் மண்ணை விட்டுவையுங்கள். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஒருவர் பொறுப்பேற்கட்டும். நட்ட நாளில் படம் எடுக்கப் பத்துப்பேர் வருவதைவிட அந்த ஒருவரே முக்கியம். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார், விளையச் செய்தவர் தேவன் (1 கொரிந்தியர் 3:6). இந்த வசனத்தில் நீர்ப்பாய்ச்சியவருக்கும் பெயர் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அதே வேளையில், உள்ளான தோட்டத்தையும் மறவாதிருப்போம். உன்னதப்பாட்டின் அந்த ஒருவர் பறிக்கப் போகவில்லை. துளிர்த்ததா, பூத்ததா என்று பார்க்கப் போகிறார். நம் வீடுகளில் அப்படி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய தோட்டங்கள் உண்டு. பேச்சைக் குறைத்துக்கொண்ட மகன், தனித்திருக்கும் தாய், ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட அண்டை வீட்டார். கனியை எதிர்பார்த்துக் கணக்குக் கேட்கப் போகாமல், துளிர் தெரிகிறதா என்று அன்போடு பார்க்கப் போவோம். கர்த்தர் நம்மை அப்படித்தானே ஒவ்வொரு நாளும் பார்க்க வருகிறார்.

சீகன்பால்கு நட்டதை ஷூல்ட்சே நீர்ப்பாய்ச்சினார். ராட்லர் தொடங்கிய அகராதியை மற்றவர் அச்சேற்றி முடித்தனர். தாங்கள் காணாத தலைமுறைக்காக அவர்கள் உழைத்ததன் கனியை, ஒவ்வொரு காலையிலும் வேதத்தைத் திறக்கும்போது நாம் புசிக்கிறோம். நாம் காணப்போகாத தலைமுறைக்கு நாம் நட்டுவைப்பது என்ன?

ஜெபிப்போம்: தோட்டக்காரராகிய பிதாவே, நாங்கள் மூடிவைத்த வேர்களை உமது வெளிச்சத்துக்குத் திறக்கிறோம். சேற்றில் விழுந்தவர்களை எறிந்துவிடாமல் கழுவிச் சேர்த்துக்கொள்ளும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். பலனைக் காணாமல் நடுகிற பொறுமையையும், நட்டதைக் காக்கிற உண்மையையும் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், பிதாவே. ஆமென்.